ட்யூபுலரா, லித்தியமா, சோடியமா: தூத்துக்குடி வீட்டுக்கு ஒரு பேட்டரி

போன மாதம் தூத்துக்குடியிலிருந்து அக்கா போன் செய்தாள். "தம்பி, இன்வெர்ட்டர் பேட்டரி போயிடுச்சு. கரண்டு போனா பத்து நிமிஷம்கூட ஃபேன் ஓட மாட்டேங்குது. கடைக்காரர் லித்தியம் வாங்குங்கன்னு சொல்றார். அத்தான் பழைய மாதிரி ட்யூபுலரே போதும்ங்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் சோடியம் பேட்டரி வருது, ஒரு வருஷம் பொறுங்க அக்காங்கிறான். நீ என்ன சொல்ற?"

பேட்டரிகளைப் பற்றிப் பல வருடங்களாக விடாமல் படித்து வருகிறேன். ஆனாலும் போனிலேயே பதில் சொல்லிவிட மனம் வரவில்லை. வீட்டைப் பார்க்காமல் பேட்டரி சொல்வது, நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பது போலத்தான். அந்த வார இறுதியில் கிளம்பிப் போனேன்.

மாடிப்படிக்குக் கீழே, சக்கரம் வைத்த பிளாஸ்டிக் டிராலியில் பழைய ட்யூபுலர், அதாவது ஈய-ஆசிட் பேட்டரி இருந்தது. தூசியைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஆறு மூடிகளில் நான்கின் மிதவைக் குச்சி முழுவதுமாக உள்ளே இறங்கிக் கிடந்தது. உள்ளே தண்ணீர் வற்றி எத்தனை மாதம் ஆனதோ. பாசிட்டிவ் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பொரிப்பொரியாகப் பூத்திருந்தது. உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இது சீக்கிரமே வந்துவிடும். அதைவிட என் கண்ணில் பட்டது பின்னால் இருந்த சுவர். முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. 2023 டிசம்பர் வெள்ளம் விட்டுப்போன அடையாளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த இரண்டு நாளில், இந்த டிராலியும் பாதிவரை தண்ணீரில்தான் நின்றிருக்கிறது. அதற்கு மேல் சுண்ணாம்பு அடித்தும் கோடு மறையவில்லை.

அந்தக் கோட்டைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பேட்டரி கடைக்குப் போகும் பெரும்பாலானோர் இந்தக் கணக்கைப் போடாமலே போகிறார்கள்.

அக்கா வீட்டில் கரண்ட் போனால் ஓட வேண்டியவை: மூன்று ஃபேன், ஐந்து எல்.இ.டி. விளக்கு, வைஃபை பெட்டி, ஒரு டி.வி. சாதாரண ஃபேன் ஒன்றுக்கு 75 வாட்ஸ் என்றால் மூன்றுக்கும் 225. விளக்குகள் 45, வைஃபை 12, டி.வி. 60. மொத்தம் 342 வாட்ஸ். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மதியம் தாண்டித்தான் கரண்ட் வரும். ஐந்து மணி நேரம் தாங்க வேண்டும்.

இப்போது பேட்டரி பக்கம் வருவோம். 150 ஆம்பியர் (ஆம்பியர்-ஹவர் என்பதைத்தான் கடையில் இப்படிச் சுருக்கிச் சொல்வார்கள்) ட்யூபுலர் என்றால் 12 வோல்ட்டால் பெருக்கி 1,800 வாட்-ஹவர், அதாவது ஈ.பி. பில்லில் வரும் கணக்குப்படி 1.8 யூனிட் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். லேபிளில் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் சி20 என்று போட்டிருப்பார்கள். 20 மணி நேரத்தில், 7.5 ஆம்பியர் வீதம், நிதானமாக உறிஞ்சினால்தான் அந்த 150 கிடைக்கும் என்று அதற்குப் பொருள். அக்கா வீட்டு லோடு 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த வேகத்தில் ஈயப் பேட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தராது. ஒட்ட வடித்தால் ஆயுளும் குறையும். 60 சதவீதம் வரைதான் எடுப்பது நல்லது என்று வைத்து, இன்வெர்ட்டரில் போகும் இழப்பையும் கழித்தால் கையில் வருவது 0.92 யூனிட். இரண்டே முக்கால் மணி நேரம்கூட முழுதாக ஓடாது.

லித்தியத்தில் வீட்டுக்கு ஏற்ற வகையான லித்தியம் அயர்ன் ஃபாஸ்ஃபேட் பேட்டரியில் 100 ஆம்பியர் வாங்கினால் 12.8 வோல்ட், மொத்தம் 1.28 யூனிட். இதில் 90 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம். வேகமாக இழுத்தாலும் பெரிதாகக் குறையாது. இழப்பு போக 0.98 யூனிட். ஆக, 100 ஆம்பியர் லித்தியமும் 150 ஆம்பியர் ட்யூபுலரும் இந்த வீட்டுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். ஆம்பியரை மட்டும் ஒப்பிட்டு "சின்னதா இருக்கே" என்று அத்தான் சொன்னதற்கு இதுதான் பதில்.

ஆனால் இரண்டுமே ஐந்து மணி நேரம் தாங்கவில்லையே! இங்கேதான் நான் பேட்டரியை விட்டுவிட்டு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தேன். பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த ஃபேன் முழு வேகத்தில் 28 முதல் 35 வாட்ஸ்தான் எடுக்கும். காந்தம் பதித்த சுழலியை எலக்ட்ரானிக் சர்க்யூட் ஓட்டுகிறது. பழைய இண்டக்‌ஷன் மோட்டாரில் சூடாக வீணாகும் மின்சாரம் இதில் மிச்சமாகிறது. நம் நாட்டில் இதை வீட்டுக்கு வீடு கொண்டுவந்ததில் பெரிய பங்கு ஆட்டம்பர்க் நிறுவனத்துக்கு உண்டு. பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்த மனோஜ் மீனா 2012-ல் தொடங்கியது. ராக்கெட் விடுபவர்களைப் போல இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் 40 வாட்ஸுக்கு மேல் மிச்சப்படுத்துவது எனக்கு மிகப் பெரிய கண்டுபிடிப்பாகவே தெரிகிறது.

மூன்று ஃபேனையும் மாற்றினால் 225 வாட்ஸ் 84 ஆகிறது. மொத்த லோடு 342-லிருந்து 201-க்கு இறங்குகிறது. அதே பேட்டரி ட்யூபுலரானால் நாலரை மணி நேரமும் லித்தியமானால் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரமும் ஓடும். டி.வி.யை அணைத்துவிட்டால் ட்யூபுலரே ஆறரை மணி நேரம், லித்தியம் ஏறத்தாழ ஏழு. ஆக, முதலில் மாற்ற வேண்டியது ஃபேன். பேட்டரி அப்புறம்தான். அக்காவிடம் இதைச் சொன்னபோது "பேட்டரி கேட்டா ஃபேன் மாத்தச் சொல்றியே" என்றாள். தினமும் ஓடுகிற ஃபேன் ஆகையால் ஈ.பி. பில்லிலும் குறையும் என்றதும் சமாதானமானாள்.

சரி, மூன்று பேட்டரிகளுக்கு வருவோம்.

ஈய-ஆசிட் பேட்டரிக்கு வயது 165-க்கு மேல். 1859-ல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் மூழ்கவைத்தார். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரி அதுதான். 1881-ல் கமீய் ஃபோர் ஈயப் பசையைச் சட்டத்தில் பூசி, தொழிற்சாலையில் செய்யக்கூடியதாக மாற்றினார். இன்றைய ட்யூபுலரில் பாசிட்டிவ் பக்கத்தின் ஈயப்பசையை நெய்த உறைக் குழாய்களுக்குள் அடைத்திருப்பார்கள். பசை உதிராமல் நிற்பது அதனால்தான். தட்டை வகையைவிட இது அதிக நாள் உழைக்கும்.

இதன் நல்ல பக்கத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். விலை குறைவு. எந்தப் பழைய இன்வெர்ட்டரோடும் ஒத்துப்போகும். ரிப்பேர் பார்க்க ஊருக்கு ஊர் ஆள் உண்டு. செத்த பேட்டரியை எடைக்குப் போட்டாலும் புதியதில் கணிசமாகக் கழித்துக்கொள்வார்கள். உள்ளிருக்கும் ஈயம் கிட்டத்தட்ட முழுவதும் மறுபடி பயன்படும். ஆனால் அந்த ஈயத்தை முறையான ஆலையில் உருக்கினால்தான் நல்லது. கொல்லைப்புறத்தில் அடுப்பு வைத்து உருக்குகிறவர்களிடம் போனால், அந்தத் தெருக் குழந்தைகளின் ரத்தத்தில்தான் அந்த ஈயம் சேரும். பழைய பேட்டரியை யாரிடம் கொடுக்கிறோம் என்பதில் இத்தனை இருக்கிறது. கூட நூறு ரூபாய் தருகிறார் என்று தெருவில் வருபவரிடம் கொடுக்காதீர்கள். புதியது வாங்கும் கடையிலேயே ரசீதோடு திருப்பிக் கொடுங்கள்.

கெட்ட பக்கம் அக்காவின் மாடிப்படிக்குக் கீழேயே இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். யார் ஊற்றுகிறார்கள்? தகடு தண்ணீருக்கு வெளியே தெரிய ஆரம்பித்தால் அந்தப் பகுதி அதோடு முடிந்தது. அடுத்தது வெப்பம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈயப் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலில் இருப்பவர்களின் பழைய கணக்கு. காற்றே புகாத மாடிப்படி இடுக்கில், தூத்துக்குடி சித்திரையில், அது எத்தனை டிகிரியில் வெந்திருக்கும் என்று பாருங்கள். பாதிச் சார்ஜிலேயே நாள் கணக்காக விட்டால் தகட்டில் ஈய சல்ஃபேட் படிகம் இறுகிப்போகும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனும் வெளியே வரும். படுக்கையறையில் வைக்கக் கூடாது என்பது அதனால்தான்.

லித்தியத்தின் கதையைச் சொல்லும்போது எனக்கு எப்போதுமே கொஞ்சம் நெஞ்சு நிறையும். 1970-களில் எண்ணெய் நெருக்கடிக் காலத்தில், எக்ஸான் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் டைட்டானியம் டைசல்ஃபைடை வைத்து முதல் வழியைக் காட்டினார். 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடைக் கண்டார். வோல்ட்டேஜ் ஏறக்குறைய இருமடங்கானது. 1985-ல் ஜப்பானில் அகிரா யோஷினோ தூய லித்திய உலோகத்தை விட்டுவிட்டுக் கரியைப் பயன்படுத்தி, எளிதில் தீப்பிடிக்காத வடிவத்துக்குக் கொண்டுவந்தார். 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் கைபேசி அத்தனையும் அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் வீட்டில் வைக்கப்போவது கைபேசி ரகம் இல்லை. கோபால்ட் விலை அதிகம். சூடேறினால் அந்த ஆக்சைடே ஆக்சிஜனை விடும், தீக்கு அதுவே துணை. இரும்பு மலிவானது, எங்கும் கிடைப்பது. அதைப் பயன்படுத்த முடியாதா என்றால், சாதாரண இரும்பு ஆக்சைடில் வோல்ட்டேஜ் போதாது. இந்த முடிச்சை அவிழ்த்ததில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். தமிழ்நாட்டின் தென்கோடியில் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்த ஆறுமுகம் மந்திரம். மதுரைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்று, ஆக்ஸ்ஃபோர்டில் குட்இனஃப்பிடம் சேர்ந்து, பிறகு அவரோடு டெக்சஸுக்குப் போனவர். 1980-களின் பிற்பகுதியில் அவர்கள் இருவரும் இரும்போடு வெறும் ஆக்சிஜனுக்குப் பதில் சல்ஃபேட் போன்ற தொகுதிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சல்ஃபேட்டில் அதே இரும்பு 3.6 வோல்ட் தந்தது. அந்தப் பாதையில் 1990-களின் நடுவில் குட்இனஃப்பின் ஆய்வகத்தில் அக்ஷய பாதியும் நஞ்சுண்டசுவாமியும் சேர்ந்து லித்தியம் அயர்ன் ஃபாஸ்ஃபேட்டைக் கண்டார்கள். 1997-ல் கட்டுரை வெளிவந்தது. இன்று ஆங்கில எழுத்துகளில் எல்.எஃப்.பி. என்று கடையில் சொல்வது இதைத்தான்.

முதலில் இது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தவில்லை, வேலைக்கு ஆகாது என்றுதான் பலர் நினைத்தார்கள். மிஷேல் ஆர்மாண்டும் நத்தாலி ராவேயும் துகள்களுக்குக் கரிப்பூச்சு கொடுத்தார்கள். எம்.ஐ.டி.யில் யெட்-மிங் சியாங் துகளை மிகப் பொடியாக்கும் வழியில் போனார். பிறகு சீனத் தொழிற்சாலைகள் அதைப் பெரிய அளவில் செய்து விலையை இறக்கின. குட்இனஃப்புக்கு இவை எதிலும் பெரிய பணம் வரவில்லை. கோபால்ட் கண்டுபிடிப்பில் ராயல்டியாக ஒரு காசு கிடையாது. 2019-ல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 97. அந்த டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக நோபல் உரை நிகழ்த்தியவர் ஆறுமுகம் மந்திரம்தான். அக்காவிடம் இதைச் சொன்னேன். "நம்ம பக்கத்துக்காரரா?" என்று இரண்டு முறை கேட்டாள்.

ஃபாஸ்ஃபேட்டில் பாஸ்பரஸும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்திருக்கின்றன. சூடேறினாலும் எளிதில் ஆக்சிஜனை விடாது. அதனால்தான் வீட்டுக்கு இந்த வகையை மட்டும் சொல்கிறேன். தீப்பிடிக்கவே பிடிக்காது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். ஷார்ட் ஆனாலோ அடிபட்டாலோ இதிலிருந்தும் எரியக்கூடிய வாயு வரும். மற்ற லித்திய வகைகளைவிடப் பாதுகாப்பு அதிகம், அவ்வளவுதான். எந்த வகை என்று லேபிளைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். செல் ஒன்று 3.2 வோல்ட் என்பதால் நான்கு சேர்ந்தால் 12.8 என்று போட்டிருக்கும். 11.1 அல்லது 14.8 என்று போட்டிருந்தால் அது வேறு வகை. வீட்டுக்கு வேண்டாம்.

கடைக்காரர் அக்காவிடம் சொன்ன பெரிய வாதம், "நாலாயிரம் சைக்கிள் வரும்மா, ட்யூபுலர் ஆயிரத்தைந்நூறு தாண்டாது." ஒருமுறை சார்ஜ் ஏற்றி இறக்குவதுதான் ஒரு சைக்கிள். எண்கள் பொய்யில்லை. ஆனால் அக்கா வீட்டில் மாதத்துக்கு மூன்று நான்கு தடவைதான் கரண்ட் போகிறது. வருடத்துக்கு 50 சைக்கிள் என்று வைத்தால் நாலாயிரம் முடிய 80 வருடம் ஆகும்! அத்தனை நாள் எந்தப் பேட்டரியும் இருக்காது. இப்படிப்பட்ட வீட்டில் பேட்டரி உழைத்துச் சாவதில்லை. முழுச் சார்ஜில் சும்மா நின்று, சூட்டில் வயதாகித்தான் சாகிறது. எனவே சைக்கிள் எண்ணிக்கைக்காகக் கூடுதல் பணம் தருவது, தினமும் இரண்டு முறை கரண்ட் போகும் ஊருக்கும், சோலாரில் பகலில் ஏற்றி இரவில் எடுக்கும் வீட்டுக்கும்தான் பொருந்தும். அங்கே நான் யோசிக்காமல் லித்தியம் என்பேன். ஈயப் பேட்டரியில் நூறு போட்டால் எழுபது, எண்பதுதான் திரும்பும். இதில் தொண்ணூறுக்கு மேல் திரும்பும். தினமும் நடக்கும்போது அந்த வித்தியாசம் பெரிய காசு.

சோலார் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கூரை சோலாருக்காக 2024-ல் வந்த பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். நிறையப் பேர் போட்டிருக்கிறார்கள். பேட்டரி இல்லாமல் ஈ.பி. லைனோடு இணைந்த அந்த ஆன்-கிரிட் அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். கூரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்க, கீழே விசிறி மட்டையோடு உட்கார்ந்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சோலார் போட்டாச்சு, இன்வெர்ட்டர் வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடாதீர்கள்.

அக்காவின் பழைய இன்வெர்ட்டர் இன்னொரு சிக்கல். ஈயப் பேட்டரிக்கென்று செய்தது. சில மாடல்கள் அவ்வப்போது 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி ஈயத் தகடுகளைச் சமப்படுத்தும். லித்தியத்துக்கு 14.6-க்கு மேல் ஆகாது. உள்ளிருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் சர்க்யூட் துண்டித்துவிடும். ஒட்டத் தீர்ந்துபோய் பி.எம்.எஸ். உறங்கிவிட்டால், சில பழைய இன்வெர்ட்டர்கள் பேட்டரியே இல்லை என்று நினைத்துச் சார்ஜும் ஏற்றாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படியே மூன்று நாள் இருட்டில் இருந்தார்கள். எனவே லித்தியம் என்றால், அதற்கான செட்டிங் உள்ள இன்வெர்ட்டரா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதையும் மாற்றும் செலவைச் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். இன்னொரு பழக்க மாற்றமும் உண்டு. ஈயப் பேட்டரி தீரப்போகும்போது வோல்ட்டேஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், இன்வெர்ட்டர் முன்கூட்டியே கீச்சிடும். லித்தியம் கடைசிவரை ஒரே சீராக நின்றுவிட்டுச் சட்டென்று அணையும்.

அடுத்து பக்கத்து வீட்டுப் பையனின் சோடியம். அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. தூத்துக்குடிக்காரன் சோடியத்தை விரும்பாமல் எப்படி இருப்பான்? ஊரைச் சுற்றி உப்பளம், வெள்ளை வெளேரென்று அம்பாரம். சோடியம் அயான் பேட்டரிக்கு வேண்டிய சோடியத்துக்கு மூலப்பொருள் சோடியம் கார்பனேட் என்ற சோடா உப்பு. அது உலகில் தீராமல் கிடக்கிறது. லித்தியம், கோபால்ட், நிக்கல் எதுவும் இல்லாமலே செய்யலாம். செம்புத் தகட்டுக்குப் பதில் இரண்டு பக்கமும் அலுமினியமே போதும். பூஜ்ய வோல்ட்டுக்கு இறக்கி வைத்து லாரியில் பத்திரமாக அனுப்பலாம்.

இதன் பின்னால் இருப்பவர்களும் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. 2000-ஆம் ஆண்டில் கனடாவில் ஸ்டீவன்ஸும் ஜெஃப் டானும் ஹார்ட் கார்பன் என்ற கரியில் சோடியம் நன்றாகத் தங்கும் என்று காட்டினார்கள். பிரான்சில் ழான்-மரி தாராஸ்கோன் பல வருடம் இதற்காக உழைத்தார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஜெர்ரி பார்க்கரும் கூட்டாளிகளும் 2011-ல் ஃபாரடியன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2021 டிசம்பர் கடைசியில் ரிலையன்ஸ் 10 கோடி பவுண்டு மதிப்பில் அதை வாங்குவதாக அறிவித்தது. சீனாவின் பேட்டரி நிறுவனமான சி.ஏ.டி.எல். 2021-ல் தன் முதல் சோடியம் செல்லைக் காட்டியது, ஒரு கிலோ எடையில் 160 வாட்-ஹவர் சேமிக்கும். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு ஆராய்ச்சி மையத்தில் பிரேம்குமார் செங்குட்டுவனின் குழு, வேகமாகச் சார்ஜ் ஏறும் சோடியம் பேட்டரி ஒன்றை உருவாக்கியிருக்கிறது. நம்பிக்கை வைக்கக் காரணம் இருக்கிறது.

ஆனால் அக்காவுக்கு வாங்கித் தர மாட்டேன். சோடியத்துக்கு ஆதரவாக இருந்த பெரிய காரணம் 2022-ன் லித்தியம் விலையேற்றம். 2024-க்குள் அந்த விலை தலைகுப்புற விழுந்துவிட்டது. மலிவு என்ற வாதமே ஆட்டம் கண்டது. அமெரிக்காவில் சோடியம் பேட்டரி செய்துவந்த நேட்ரான் நிறுவனம் 2025-ல் மூடியே விட்டது. இன்னொன்று, சோடியம் செல்லின் வோல்ட்டேஜ் ஏறக்குறைய 4-லிருந்து 1.5 வரை இறங்கும். நான்கு சேர்த்தால் 16-லிருந்து 6 வரை. நம் வீட்டு இன்வெர்ட்டரோ 10.5-க்குக் கீழே போனால் பேட்டரி தீர்ந்தது என்று கடையைச் சாத்திவிடும். உள்ளே மிச்சமிருப்பதை எடுக்க முடியாது. சோடியத்துக்கென்றே செய்த இன்வெர்ட்டர் வேண்டும். கடுங்குளிரிலும் வேலை செய்யும் என்பது அதன் முக்கியச் சிறப்புகளில் ஒன்று. தூத்துக்குடிக்கு அதனால் என்ன? செத்துப்போன பேட்டரியை வைத்துக்கொண்டு ஐப்பசி, கார்த்திகை மழையைக் கடத்துவதுதான் காத்திருப்பதன் விலை. வீட்டில் அத்தானின் அம்மாவுக்கு 78 வயது. காத்திருக்கச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆக, ட்யூபுலரும் லித்தியமும் மிஞ்சின. கடைக்காரர் சொன்ன விலை: ட்யூபுலர் 16,500, பழையதைக் கொடுத்தால் 3,000 கழிவு. லித்தியம் 31,000, இன்வெர்ட்டரும் மாற்றினால் இன்னும் 8,000. வாடகை வீட்டில், மாதம் ஒரு ஷட்டவுன் மட்டும் வரும் ஊரில், காற்றோட்டமான இடமும் தண்ணீர் ஊற்ற ஒரு ஆளும் இருந்தால் நான் ட்யூபுலர்தான் சொல்வேன். கையில் மிஞ்சும் இருபதாயிரம் சொச்சத்தில் மூன்று ஃபேனையும் மாற்றிவிட்டு மிச்சமும் இருக்கும். அத்தானின் கணக்கு தப்பில்லை. நானும் ஊருக்குக் கிளம்பும்போது அந்த முடிவோடுதான் போனேன். வீட்டில் ஒரே இடத்தில் நிற்கும் பேட்டரிக்கு எடை ஒரு பொருட்டா, லித்தியம் லேசாக இருந்து என்ன பயன் என்றுதான் நினைத்திருந்தேன்.

என் எண்ணத்தை மாற்றியது சுவரில் இருந்த அந்தக் கோடு. ஆசிட்டோடு சேர்த்து 150 ஆம்பியர் ட்யூபுலர் 55, 60 கிலோ இருக்கும். அதைத் தரையில்தான் வைக்க முடியும். மாடிக்கு ஏற்றினாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற யார் ஏறுவார்கள்? 100 ஆம்பியர் லித்தியம் 12, 13 கிலோதான். நாலு போல்ட் அடித்துச் சுவரில் மாட்டிவிடலாம். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. முனையில் பூக்கும் ஆசிட் ஆவியும் கிடையாது. வெள்ளத்தில் மூழ்கினால் லித்தியம் ஈயத்தைவிட மோசம் என்பதையும் சொல்ல வேண்டும். பி.எம்.எஸ். பலகை அரித்துவிடும், அதைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதே ஆபத்து. எனவே உயரத்தில் மாட்ட முடிந்தால்தான் இந்த வீட்டுக்கு லித்தியம். தரையில் வைப்பதாக இருந்தால் வேண்டாம்.

அத்தானும் நானும் டேப் பிடித்து அளந்தோம். கோடு தரையிலிருந்து 47 சென்டிமீட்டர். சமையலறைக்கு வெளியே, வெயில் படாத வடக்குச் சுவரில், ஐந்தடி உயரத்தில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டார் அத்தான். இன்வெர்ட்டரும் அங்கேயே வரும். வயர் கூடுதலாக நான்கு மீட்டர். அது பேட்டரிப் பக்க வயராக இல்லாமல் 230 வோல்ட் பக்க வயராக இருக்கட்டும், 12 வோல்ட்டில் நீளம் கூடினால் வழியிலேயே இழப்பு என்று எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். சார்ஜ் நிறைந்த பிறகும் தொடர்ந்து கொடுக்கும் ஃப்ளோட் வோல்ட்டேஜை 13.5-க்கு வைக்கச் சொல்லியும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எப்போதும் முழுச் சார்ஜில் விரைத்து நிற்காமல் இருந்தால் இந்தச் சூட்டில் இன்னும் கொஞ்ச நாள் கூட வரும்.

இந்த மாதம் ஃபேன்கள் மாறிவிட்டன. பேட்டரி ஆவணி முதல் வாரம் வருகிறது. பழையதைக் கடைக்காரரே எடுத்துக்கொள்கிறார், ரசீது வாங்கச் சொல்லியிருக்கிறேன். அந்த டிராலியை மட்டும் அக்கா கொடுக்கவில்லை. அரிசி மூட்டை வைக்கப் போகிறாளாம், மாடியில்.